நேர்த்திக்கடன் இல்லை

என் தலையில் முடி போயிருப்பதை முதலில் பார்த்தது நானில்லை, கடையில் என்னோடு வேலை செய்கிற தோழி. லிட்டில் இந்தியாவில் ஒரு பட்டுச்சேலைக் கடை. பதினாறு வருடமாக நான் அங்கே விற்பனைப் பெண். கல்யாணச் சேலைப் பகுதி என் பொறுப்பு. வெள்ளிக்கிழமை காலையில் கடை திறந்ததும் நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் பூ வைத்துவிடுவது வழக்கம். அன்று என் பின்னால் நின்று கொண்டையில் ஊசி குத்தப்போனவள் குத்தாமல் நின்றுவிட்டாள்.

“என்னா ஆச்சு?”

“அக்கா, இங்க முடியே இல்ல.”

காதுக்குப் பின்னால், கொஞ்சம் மேலே, விரலை வைத்துக் காட்டினாள். அவள் விரல் நேராக என் தோலில் பட்டது. கன்னத்தைத் தொட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. கைபேசியில் படம் எடுத்து நீட்டினாள். ஐம்பது காசு நாணயத்தின் அளவில் ஒரு வட்டம். வழவழப்பாக, சிவக்காமல், பொருக்குத் தட்டாமல், யாரோ அளந்து வழித்தெடுத்தது போல இருந்தது. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. எத்தனை நாளாக அப்படி இருந்தது என்றே எனக்குத் தெரியாது.

என் கணவர் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவர். எதையும் கழற்றிப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும் என்று நம்புகிறவர். அன்று மாலை என்னை விளக்குக்கு அடியில் உட்கார வைத்துப் பார்த்தார். “ஷாம்பூ மாத்துனியா? தண்ணி சரியில்லையா? கடையில டென்ஷனா?” என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். கடைசியில், “கொண்டைய கொஞ்சம் எறக்கிப் போடு. தெரியாது” என்றார்.

நானும் இறக்கிப் போட்டேன். அதை இப்போது நினைத்தால் என்மேல் எனக்கே கோபம் வருகிறது. நாற்பத்திரண்டு வயதுப் பெண், யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யாதவள், ஏதோ திருடிய பொருளை மறைப்பது போல ஒரு வட்டத்தை மறைத்துக்கொண்டு திரிந்தேன். சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் என் நாத்தனார் எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார். தேய்த்தேன். சின்ன வெங்காயத்தை அரைத்துச் சாறு பூசச் சொன்னார். பூசினேன். ஒரு வாரம் கழித்து, கடைக்கு வந்த ஓர் அம்மா நான் விரித்துக் காட்டிய சேலையை முகர்ந்து பார்த்து, “என்னாம்மா இது, பட்டுல குழம்பு வாடை வருது” என்றார். அன்றோடு வெங்காயத்தை நிறுத்தினேன்.

அதற்குப் பிறகு செய்ததுதான் பெரிய முட்டாள்தனம். ஒரு ஷாப்பிங் மாலின் மூன்றாவது மாடியில் இருந்த முடி பராமரிப்பு நிலையத்துக்குப் போனேன். வெள்ளைக் கோட்டு போட்ட பெண் ஒருவர் என்னை வரவேற்றார். அவர் டாக்டர் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பேனா போன்ற ஒரு கேமராவை என் தலையில் வைத்தார். எதிரே இருந்த திரையில் என் தோல் காய்ந்த சேறு போல விரிந்தது.

“வேரெல்லாம் செத்துக்கிட்டு இருக்கு மேடம். நச்சு அடைச்சிருக்கு. இப்பவே ஆரம்பிச்சா நூறு சதவீதம் வந்துடும்.”

என் தலையைப் பின்பக்கத்திலிருந்து படம் பிடித்தார். எதற்கு என்று கேட்டேன். ஃபைலுக்கு என்றார். எட்டு முறை போனேன். ஆவி பிடித்தார்கள், சிவப்பு விளக்கைக் காட்டினார்கள், புதினா மணக்கும் ஏதோ ஒன்றைத் தடவினார்கள். எட்டாவது முறை போனபோது நெற்றிக்கு மேலே இன்னொரு வட்டம் விழுந்திருந்தது. அதைக் காட்டினேன்.

“நச்சு வெளிய வருது மேடம். அது நல்ல அறிகுறி.”

“கூடுனாலும் நல்ல அறிகுறி, கொறைஞ்சாலும் நல்ல அறிகுறின்னா, கெட்ட அறிகுறி எது?” என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த முறைக்கு நாள் குறிக்கப் போனார். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அரசு கிளினிக்குக்குப் போகச் சொன்னது என் தோழிதான். எனக்குத் தயக்கமாக இருந்தது. எண் சீட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என்னைச் சுற்றி இனிப்புநீர்க்காரர்களும் இரத்தக் கொதிப்புக்காரர்களும் இருமுகிற குழந்தைகளும். பக்கத்தில் இருந்த அம்மா, “உனக்கு என்னா நோவு?” என்று கேட்டார். “முடி” என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. முட்டிவலிக்கு வரிசையில் உட்கார அவருக்கு எவ்வளவு உரிமை இருக்கிறதோ அவ்வளவு எனக்கும் உண்டு என்று அந்த நிமிடத்தில் முடிவு செய்தேன்.

டாக்டர் தமிழர், இளைஞர். முப்பது வயதுதான் இருக்கும், ஆனால் நெற்றி பாதித் தலை வரைக்கும் ஏறியிருந்தது.

“சொல்லுங்க அக்கா.”

“முடி கொட்டுது டாக்டர். இதுக்கெல்லாம் இங்க வரலாமான்னு தெரியல.”

“தலையும் ஒடம்புலதான இருக்கு. வரலாம்.”

பிறகு கேள்விகள். மூன்று நான்கு மாதத்துக்குள் கடுமையான காய்ச்சல் வந்ததா, டெங்கி வந்ததா, ஆபரேஷன் ஏதும் நடந்ததா. புதிதாக மருந்து எடுக்கிறேனா. மாதவிலக்கு அதிகமாகப் போகிறதா. உடம்பு திடீரென்று இளைத்ததா, பெருத்ததா. முடியை இறுக்கிக் கட்டுகிற வழக்கம் உண்டா. குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு, வெண்புள்ளி இருக்கிறதா. என் சின்னம்மாவுக்குத் தைராய்டு என்றேன், குறித்துக்கொண்டார். மாதவிலக்கு கொஞ்சம் அதிகம்தான் என்றேன், அதையும் குறித்துக்கொண்டார். முடி கொட்டுவதற்கு இத்தனை வழி இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அந்த வெள்ளைக் கோட்டுப் பெண் இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

கையைக் கழுவிக்கொண்டு வந்து என் முடியை வகிர்ந்து வகிர்ந்து பார்த்தார். முகம் சுளிக்காமல், எதையும் விற்காமல் என் தலையைத் தொட்ட கை, அத்தனை நாளில் அது ஒன்றுதான். வட்டத்தின் ஓரத்தில் ஒரு சிறு கற்றையைப் பிடித்து மெதுவாக இழுத்தார். நான்கைந்து முடி கையோடு வந்தது. அவற்றை வெள்ளைக் காகிதத்தில் வைத்து, பூதக்கண்ணாடியை என்னிடம் கொடுத்தார்.

“பாருங்க. நுனி தடிப்பா, அடி மெலிசா இருக்கா? ஆச்சரியக்குறி மாதிரி.”

இருந்தது. பிறகு என் நகங்களைப் பார்த்தார். ஊசியால் குத்தியது போலச் சின்னச் சின்னக் குழிகள். சேலைக்குப் பின் குத்திக் குத்தி வந்தவை என்று நான் நினைத்திருந்தேன். அவையும் இந்த நோயோடு வருபவைதானாம். ஆங்கிலப் பெயரை ஒரு தாளில் எழுதினார்.

“நம்ம ஆளுங்க புழுவெட்டுன்னு சொல்வாங்க. புழுவும் இல்ல, வெட்டும் இல்ல. கிருமிகிட்ட சண்ட போட ஒடம்புக்குள்ள ஒரு படை இருக்கில்லையா, அது ஆள் தெரியாம உங்க முடி வேரப் போய் அடிக்குது.”

“வேர் செத்துடுச்சா?”

“இல்ல. தோல்ல தழும்பு இல்ல, முடி வர்ற துவாரமெல்லாம் அப்படியே இருக்கு. வேர் தூங்குது, அவ்வளவுதான்.”

“நான் என்ன தப்பு பண்ணேன்?”

“ஒண்ணும் பண்ணல. ஷாம்பூ இல்ல, தண்ணி இல்ல, கண்ணு படல. மத்தவங்களுக்கு ஒட்டவும் ஒட்டாது.”

“திரும்பி வருமா?”

கொஞ்சம் யோசித்தார். “நெறைய பேருக்கு வரும். சிலருக்கு வந்துட்டு மறுபடி போகும். சிலருக்கு வராமலே போகும். உங்களுக்கு எப்படின்னு நான் சத்தியம் பண்ண முடியாது.”

நூறு சதவீதம் என்று சொன்ன இடத்தில் எனக்குக் கிடைக்காத நிம்மதி, சத்தியம் பண்ண முடியாது என்று சொன்ன இடத்தில் கிடைத்தது. எழுந்திருக்கும்போது தைரியம் வந்து, “உங்களுக்கும் இதுதானா டாக்டர்?” என்று அவர் தலையைக் காட்டிக் கேட்டுவிட்டேன்.

“இது வேற வகை. இது எங்கப்பா எனக்குக் குடுத்த சொத்து” என்றார். “இதுக்கும் மருந்து இருக்கு. நான்தான் போடறதில்ல.”

இரத்தம் எடுத்தார்கள். தைராய்டு சரியாக இருந்தது. இரும்புச் சத்து குறைவு. அதற்கு மாத்திரை கொடுத்தவர், “இது கொறைஞ்சாலும் முடி மெலியும். ஆனா இந்த வட்டத்துக்குக் காரணம் இது இல்ல. ரெண்டையும் தனித்தனியா பாப்போம்” என்றார். வட்டத்தில் தடவ ஸ்டீராய்டு மருந்து தந்தார். பெரிய மருத்துவமனையின் தோல் நிபுணருக்கு ஒரு கடிதமும் எழுதினார். அங்கே நாள் கிடைக்கச் சில வாரம் ஆகும் என்றார்.

அந்தச் சில வாரத்தில் நோய் சும்மா இருக்கவில்லை. இரண்டு வட்டம் ஆறானது. பின்பக்கத்தில் இரண்டு ஒன்றாகச் சேர்ந்து என் உள்ளங்கை அகலத்துக்கு வந்துவிட்டது. காலையில் எழுந்து மிச்ச முடியை இங்கிருந்து அங்கே இழுத்து, கிளிப் குத்தி, கறுப்பு மையைத் தோலில் தடவி, கண்ணாடியில் பார்த்து, மறுபடி பிரித்து, மறுபடி கட்டி, பசியாறக்கூட நேரமில்லாமல் பஸ்ஸுக்கு ஓடுவேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார மாட்டேன். காற்று அடித்தால் எல்லாம் கலைந்துவிடும். கணவர் எனக்காக ஒரு விக் வாங்கி வந்து கட்டில்மேல் வைத்திருந்தார். அன்பாகத்தான் வாங்கினார். போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. விக் போடுவதில் தப்பு ஒன்றும் இல்லை, போடுகிறவர்களுக்கு அது ஆறுதல் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். ஆனால் கண்ணாடியில் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எனக்காக அதைப் போடவில்லை. மற்றவர்கள் முகம் கோணாமல் இருக்கத்தான் போட்டிருந்தேன். கழற்றிப் பெட்டியில் வைத்தேன்.

டிசம்பரில் ஒரு விடுமுறை நாள் காலை, கடைக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் முடிதிருத்தும் கடைக்கு நடந்து போனேன். ஆண்கள் மட்டுமே போகிற கடை. மூன்று பேர் காத்திருந்தார்கள். நான் உள்ளே நுழைந்ததும் மூவரும் கைபேசியை இறக்கினார்கள்.

கடைக்காரர் தமிழ்நாட்டிலிருந்து வந்து இருபது வருடமாக இங்கே இருப்பவர். “என்னம்மா, யாருக்கு?”

“எனக்குத்தான் அண்ணே. முழுசா எடுத்துடுங்க.”

“சாமிக்கா? தைப்பூசத்துக்கு இன்னும் நாள் இருக்கே.”

“சாமிக்கு இல்ல. நோய்.” கொண்டையை அவிழ்த்துத் திரும்பிக் காட்டினேன். எனக்கு முன்னால் வந்த பெரியவர் ஒருவர் நாற்காலியைக் கை காட்டி, “நீங்க உக்காருங்கம்மா, நான் அப்புறம் வெட்டிக்கிறேன்” என்றார்.

மெஷின் ஓடுகிற சத்தம் தலைக்குள் கேட்டது. என் மிச்ச முடி மடியில் விழுந்தது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். தலையில் பட்ட மின்விசிறிக் காற்றுதான் வந்தது. அத்தனை குளிர்ச்சியாக இருந்தது. அந்த ஆறு மாதத்தில் காற்றுக்குப் பயப்படாமல் நான் உட்கார்ந்தது அப்போதுதான். கடைக்காரர் துண்டை உதறிவிட்டு, “தல நல்ல உருண்டையா இருக்கு மா” என்றார், நிஜமாகவே ஒரு தொழில்காரரின் கண்ணோடு. வெளியே வந்து லெபோ பாசார் தெரு முழுக்க நடந்தேன். முந்தானையை எடுத்துத் தலையில் போடவில்லை.

கணவர் வேலை முடிந்து வந்து என்னைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்.

“சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேன் இல்ல” என்றார்.

“வந்து?”

“வந்து... பக்கத்துல உக்காந்திருப்பேன்.”

அவர் தட்டில் சோறு போட்டேன். “அந்த விக்க திருப்பி அனுப்பிடவா?” என்று கேட்டார். அனுப்பச் சொன்னேன்.

மறுநாள் கடைக்குப் போனதும் முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர். என் மகளின் படிப்புக்கு உதவியவர். அவரை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். என் தலையைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துப் பேசினார்.

“உக்காரு மா. கோவிச்சுக்காதே லா. உன்ன நான் போகச் சொல்லல. கொஞ்ச நாளைக்கு மாடியில ஸ்டாக் பாரு. முடி வந்ததும் கீழ வா.”

“வரலன்னா?”

“ஏன் அப்படிப் பேசற? கல்யாணச் சேலை எடுக்க வர்றவங்க மொதல்ல பாக்கறது உன் மொகத்த. மனசு ஒரு மாதிரி ஆயிடும் இல்ல.”

“முடி இல்லாதவங்க மூணு பேரு இந்தக் கடையில வேல செய்றாங்க அண்ணே, உங்களையும் சேத்து. யாரும் மாடிக்குப் போகலையே.”

அவர் கை தானாகத் தன் வழுக்கைமேல் போய்த் திரும்பியது. கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, தணிந்த குரலில் வேறு ஒரு யோசனை சொன்னார்.

“சரி, இப்படிச் செய்யலாம். தைப்பூசம் வருது. யாராச்சும் கேட்டா நேர்த்திக்கடன்னு சொல்லிடு. தலையில கொஞ்சம் சந்தனம் பூசிக்கோ. ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. கையெடுத்துக் கும்பிட்டாலும் கும்பிடுவாங்க.”

அது சுலபமான வழி என்பதை நான் மறுக்கவில்லை. ஒரு நிமிடம் ஆசையாகக்கூட இருந்தது. தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகிற வழியில் வருடா வருடம் எத்தனை மொட்டைத் தலைகளைப் பார்க்கிறோம், எத்தனை பெண்களை. அதே தலைதான். சந்தனம் இருந்தால் மங்கலம், இல்லாவிட்டால் அமங்கலமா?

“சாமி பேரச் சொல்லி நான் பொய் சொல்ல மாட்டேன் அண்ணே. இது நோய். நோயின்னு சொல்றதுல எனக்கு வெக்கம் இல்ல. யாருக்கும் ஒட்டாது. கிளினிக் சீட்டு பையில இருக்கு, வேணும்னா பாருங்க. மாடிக்கும் போக மாட்டேன். என்ன நிறுத்தணும்னா ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, தலையில முடி இல்லாததால நிறுத்தறேன்னு.”

அவர் எழுதவில்லை. வெகுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். “ஒரு மாசம் பாப்போம்” என்றார்.

“பாருங்க” என்று சொல்லிவிட்டு என் இடத்துக்கு வந்து நின்றேன். தோழி வந்து பக்கத்தில் நின்று, ஏற்கனவே மடித்திருந்த சேலைகளை மறுபடி மடித்தாள்.

அந்த வாரமே நிபோங் திபாலிலிருந்து ஒரு குடும்பம் முகூர்த்தச் சேலை எடுக்க வந்தது. மணப்பெண், அவள் அம்மா, கூட இரண்டு பெண்கள். அம்மா என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“நேர்த்திக்கடனா?”

“இல்லம்மா. புழுவெட்டு.”

மகளின் முழங்கையைப் பிடித்துக் கொஞ்சம் பின்னால் இழுத்தார். “வேற ஆளு இல்லையா?”

“இருக்காங்கம்மா, கூப்பிடறேன். ஆனா எந்த நிறம் பொண்ணுக்கு எடுப்பா இருக்கும்னு பதினாறு வருசமா பாத்துக்கிட்டு இருக்கறது நான்தான்.”

மணப்பெண் அம்மாவின் கையை விலக்கினாள். “அம்மா, நாம சேலை வாங்க வந்திருக்கோம். அவங்க தலைய வாங்க வரல” என்று சொல்லிவிட்டு என் எதிரே பாயில் உட்கார்ந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பது சேலைக்குமேல் விரித்தேன். அரக்குக் கரை போட்ட மாம்பழ மஞ்சள் ஒன்று அவளுக்கென்றே நெய்தது போல இருந்தது. கண்ணாடி முன் நிறுத்தி மேலே கட்டிக் காட்டினேன். அம்மா தள்ளி ஒரு நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போகும்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. சேலையை மட்டும் எடுத்துப் போனார். எல்லாரும் மாறிவிடுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நான் நகரவில்லை, அது போதும்.

அன்று கொசுவம் சொருகும்போது அந்த மணப்பெண் என் காதருகே, “அக்கா, எனக்கும் முன்னால கொட்டுது. கல்யாணத்துக்கு முன்ன ஒரு எடத்துக்குப் போகப் போறேன், போன்ல விளம்பரம் வந்துச்சு” என்று சொல்லியிருந்தாள். தொழிற்சாலையில் தொப்பிக்குள் முடியை இறுக்கிக் கட்டி வேலை செய்கிறவள். நெற்றி ஓரத்தில் முடி மெலிந்திருந்தது. “இறுக்கிக் கட்டறதால இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நான் டாக்டர் இல்ல. மொதல்ல கிளினிக்குக்குப் போ” என்றேன். எனக்கு நினைவிருக்கிற வரையில் அப்படித்தான் தொடங்கியது. பிறகு சேலை எடுக்க வருகிறவர்கள் பலர் என்னிடம் தங்கள் தலையைப் பற்றிப் பேசினார்கள். பிள்ளை பெற்ற நான்காம் மாதம் கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது என்று ஒருத்தி அழுதாள். வகிடு அகலமாகிக்கொண்டே போகிறது என்று ஒரு டீச்சர் சொன்னார். இன்னும் சிலர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எத்தனாவது கீமோ?” என்று கேட்டார்கள். “புற்றுநோய் இல்ல. முடி மட்டும்தான் போச்சு” என்றால் அவர்கள் முகத்தில் வருகிற குழப்பம் இருக்கிறதே. பரிதாபப்படத் தயாராகி வந்துவிட்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பார்கள்.

முதலாளி சொன்ன ஒரு மாதம் முடிந்தது. அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு நாள் மதியம் என் தோழி கைபேசியோடு வந்தாள். அவள் முகம் சரியில்லை.

“அக்கா, இது நீங்கதான?”

ஒரு விளம்பரம். இரண்டு படங்கள் பக்கத்துப் பக்கத்தில். இடது பக்கம் பின்னந்தலையில் வட்டம் விழுந்த ஒரு பெண். வலது பக்கம் இடுப்பு வரைக்கும் கறுகறுவென்று முடி. கீழே, எட்டே முறையில் கிடைத்த பலன் என்று எழுதியிருந்தது. இடது பக்கத்துக் கழுத்தில் இருந்த மச்சம் என்னுடையது. பச்சை ரவிக்கையின் கழுத்துப் பட்டையில் இருந்த கிளித் தையல் என் கையால் போட்டது. அந்த விளம்பரத்தைத்தான் நிபோங் திபால் மணப்பெண்ணும் தன் கைபேசியில் பார்த்திருப்பாளோ என்று தோன்றியதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அடுத்த விடுமுறைக்கு அதே பச்சை ரவிக்கையைப் போட்டுக்கொண்டு மாலுக்குப் போனேன். வரவேற்பறையில் நான்கு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைக் கோட்டுப் பெண்ணுக்கு என்னை அடையாளம் தெரிய நேரமானது. தெரிந்ததும் எழுந்து வந்தார்.

“மேடம், உள்ள வாங்க, பேசலாம்.”

“இங்கயே பேசலாம்.” அந்த விளம்பரத்தை அவர் முன்னால் நீட்டினேன். “இது யாரு?”

“மொகம் தெரியலையே மேடம். நெறைய பேருக்கு இப்படி இருக்கும்.”

நான் திரும்பி நின்று மச்சத்தையும் ரவிக்கையையும் காட்டினேன். “மச்சம் என்னோடது. ரவிக்க என்னோடது. எட்டு தடவ வந்ததும் நான்தான். அதுக்கப்புறம் ஆன தல இது, நல்லா பாருங்க. பக்கத்துல இருக்கற முடி யாரோடது?”

அவர் குரலைத் தாழ்த்தினார். நான் தாழ்த்தவில்லை. கத்தவும் இல்லை. கடையில் ஒரு சேலையின் விலையைச் சொல்கிற குரலில் பேசினேன். படத்தை எடுக்கும் வரை இங்கிருந்து போக மாட்டேன் என்று சொல்லி, காத்திருந்த நான்கு பெண்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளே போனார், யாருக்கோ போன் செய்தார், வெளியே வந்தார், மறுபடி போனார். எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தேன். ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து, எடுத்துவிட்டோம் என்றார்கள். என் தோழிக்கு போன் செய்து கேட்டேன். காணோம் என்றாள். பிறகுதான் எழுந்தேன்.

நான்கு பெண்களில் ஒருத்தி எனக்கு முன்பே எழுந்து போயிருந்தாள். மற்ற மூவரும் அங்கேயே இருந்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆசையில் எட்டு முறை படியேறியவள்தானே நானும்.

இதற்கிடையில் பெரிய மருத்துவமனையில் எனக்கு ஊசி போடத் தொடங்கியிருந்தார்கள். மாதம் ஒரு முறை, வட்டத்துக்கு வட்டம், தோலுக்குள் சின்னச் சின்ன ஊசியாக. வலிக்கும். தோல் நிபுணர் வலிக்காது என்று பொய் சொல்லாமல், “வலிக்கும், எண்ணிக்கிட்டே இருங்க” என்பார். நான்காவது முறைக்குப் பிறகு நெற்றிக்கு மேலே பூனைமுடி போல ஏதோ தட்டுப்பட்டது. வெள்ளையாக இருந்தது. முதலில் அப்படித்தான் வருமாம், பிறகு நிறம் வரலாம், வராமலும் போகலாம். வருடம் திரும்புவதற்குள் தலையில் பெரும்பகுதி மூடிவிட்டது. முன்பக்கம் முழுக்க வெள்ளை, பக்கங்களில் கறுப்பு. கணவர் முடிக்குப் பூச மை வாங்கி வரட்டுமா என்று ஒரே ஒரு முறை கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் பழக்கப்பட்டுவிட்டார். எனக்கு அது பிடித்தே விட்டது.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டாருக்குச் சேலை கட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன். கொசுவத்தை மடித்துப் பிடித்தபடி தற்செயலாகப் பக்கத்துக் கண்ணாடியில் பார்த்தபோது, இடது காதுக்கு மேலே ஒரு வெளிச்சம் தெரிந்தது. சின்ன வட்டம், புதிது. கை ஒரு கணம் நின்றது. பிறகு ஏழு மடிப்பையும் எண்ணி முடித்து, சொருகி, முந்தானையைத் தோளில் நேர்செய்து, “எப்படி இருக்கு, பாருங்க” என்று அந்தப் பெண்ணைத் திருப்பி நிறுத்தினேன். அவர்கள் இரண்டு சேலை எடுத்தார்கள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிளினிக்குக்கு போன் செய்தேன். வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். அதே டாக்டர்தான். பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினார்.

“தடவற மருந்த ஆரம்பிக்கலாமா, இல்ல ஊசிக்கே எழுதிக் குடுக்கவா? கொஞ்சம் பொறுத்தும் பாக்கலாம். தானா வந்தாலும் வரும். எதுவா இருந்தாலும் நீங்க சொல்றதுதான் அக்கா.”

“மருந்து குடுங்க” என்றேன். “வந்தா வரட்டும், வரலன்னா போகட்டும். ஆனா லீவுக்கு எம்.சி. எழுத வேணாம். சாயங்காலம் கடைக்குப் போகணும், ஒரு கல்யாண வீட்டுக்காரங்க வர்றாங்க.”